தோட்டா விலை: ஈயத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

சென்னையில் பாயின்ட் 22 (0.22 அங்குலக் குழல்) ரைஃபிள் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள்: "ஈயம் விலை இறங்கிடுச்சே, தோட்டா மட்டும் ஏன் இறங்கல?" நியாயமான கேள்வி. ஆனால் முதல் தவறு இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பாயின்ட் 22 தோட்டாவின் நுனியில் இருக்கும் ஈயக் குண்டு சுமார் 2.6 கிராம். ஒரு கிலோ ஈயத்தில் ஏறக்குறைய 380 குண்டு வார்க்கலாம். கிலோ 200 ரூபாய் என்று வைத்தாலும் குண்டுக்கு ஐம்பது காசுதான் ஆகிறது. மீதி விலை பித்தளைக் கூடு, பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள்), வெடிமருந்து, தொழிலாளர் கூலி, பரிசோதனை, வெடிபொருள் என்பதால் கூடும் சரக்குக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்தது. போட்டித் தரத் தோட்டாக்கள் பெரும்பாலும் பிரிட்டனின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., பின்லாந்து நிறுவனமான லாபுவா ஆகியவற்றிடமிருந்தே வருகின்றன. 2010இல் சுமார் 60 ரூபாயாக இருந்த யூரோ 2024இல் 90ஐத் தொட்டது. தொழிற்சாலை ஒரு சென்ட் கூட்டாவிட்டாலும் நமக்கு ஒன்றரை மடங்கு.

அடுத்த தவறு, "கொஞ்சம் பொறுத்தால் பழைய விலை வரும்" என்று காத்திருப்பது. 2020இல் அமெரிக்காவில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் பெருகினார்கள். கடை அலமாரிகள் காலியாயின. 2022இல் உக்ரைன் போர். பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் மருந்துக்கும் நம் சின்னத் தோட்டாவின் மருந்துக்கும் அடிப்படை ஒன்றே: பருத்தியிலிருந்து செய்யும் நைட்ரோசெல்லுலோஸ். நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்வதும் இந்த வகை வேலைதான். ராணுவம் கேட்கும்போது விளையாட்டு வீரர் வரிசையில் பின்னால்தான் நிற்க முடியும். ஆலைகள் உலகிலேயே குறைவு. தேவை நாளை விழுந்துவிடலாம் என்பதால் புதிய இயந்திரங்களில் பணம் போடவும் ஆலைக்காரர்கள் தயங்குகிறார்கள். அதனால் ஏறிய விலை சற்றே தளர்ந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்புவது அரிது.

அதற்காகப் பதறி வாங்கிக் குவிப்பதும் கூடாது. லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் வைத்திருப்பது குற்றம். மலிவாகக் கிடைக்கிறதே என்று உரிமம் இல்லாதவரிடம் வாங்கினால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும், பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கையே முடிந்துபோகும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. சென்னை வெயிலில் காருக்குள் விட்டுவைத்த பெட்டியையும் நம்ப வேண்டாம். குண்டின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சு இளகிவிடும்.

பணம் வீணாகும் இன்னொரு இடம் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண். ஒரே பிராண்டாக இருந்தாலும் லாட் மாறினால் குண்டு விழும் இடம் மாறலாம். பத்துப் பெட்டியைப் பத்து லாட்டில் வாங்கினால், ஒவ்வொரு முறையும் சைட்டை (குறி பார்க்கும் கருவியை) சரிசெய்யவே தோட்டா போகும். உங்கள் ரைஃபிளுக்கு ஒத்துவரும் லாட்டை முதலில் சுட்டுப் பார்த்து, லைசென்ஸ் அனுமதிக்கும் அளவை அதிலேயே வாங்குங்கள்.

பயிற்சி எல்லாவற்றுக்கும் நிஜத் தோட்டா தேவையில்லை. நிலை, மூச்சு, டிரிகர் இவற்றை டிரை ஃபயரிங்கிலேயே, அதாவது தோட்டா போடாமல் டிரிகரை இழுத்தே பழகலாம். ஆனால் பாயின்ட் 22இல் தோட்டா உட்காரும் அறையான சேம்பர் காலியாக இருக்கும்போது, தோட்டாவை அடிக்கும் ஊசி அதன் விளிம்பில் பட்டுச் சேதமாக்கலாம். உங்கள் ரைஃபிளில் டிரை ஃபயர் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்றழுத்தத்தில் சுடும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் பெல்லட் (வெடிமருந்து இல்லாத சின்னக் குண்டு) செலவு மிகக் குறைவு. புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் ஆண்டு அதுவே போதும்.