ஃபேன் வைண்டிங் கம்பியில் ஒரு குவாண்டம் அழிப்பான்

ஒற்றை ஃபோட்டான்களை (ஒளித் துகள்களை) உமிழும் கருவி நாம் வீட்டில் வாங்கி வைக்கிற சமாச்சாரம் இல்லை. ஆனால் 1982-இல் இயற்பியலாளர்கள் ஸ்கல்லியும் ட்ரூலும் முன்வைத்த ‘குவாண்டம் அழிப்பான்’ (ஒளி எந்த வழி வந்தது என்ற அடையாளத்தை அழித்து, மறைந்துபோன பட்டைக் கோலத்தை மீட்கும் சோதனை) என்ன செய்யும் என்பதைச் சாதாரண லேசரை வைத்தே சுவரில் காட்டிவிடலாம்.

1 மில்லிவாட்டுக்குக் குறைந்த சிவப்பு லேசர் பாயின்டர் போதும். திருவிழாக் கடைப் பச்சை லேசர் வேண்டாம், கண் முக்கியம். அடுத்தது கம்பி. மன்னார்குடியோ பாபநாசமோ, டெல்டாவில் மோட்டார் வைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை. பம்புசெட்டுக்குச் சுற்றுவது தடிமன். ஃபேனுக்குச் சுற்றும் 36 கேஜ் கம்பியில் ஒரு துண்டு கேளுங்கள். சுமார் 0.19 மி.மீ. இருக்கும். டிவி ரிப்பேர் கடையில் உடைந்த எல்சிடி பேனலின் போலராய்டு தாளையும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) வாங்கிக்கொள்ளுங்கள். சொரசொரப்பான தாள் ஒளியைச் சிதறடிக்கும், தெளிவானதாகப் பார்த்து எடுங்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு (கரண்ட் போனால் இன்னும் வசதி), லேசர் பொத்தானைத் துணி கிளிப்பால் அழுத்திவைத்து, கதிரைக் கம்பிமேல் விடுங்கள். 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில், நடுப்புள்ளிக்கு இருபுறமும் சுமார் 1 செ.மீ. இடைவெளியில் பட்டைகள் தெரியும். கம்பியின் இடமும் வலமும் வந்த ஒளி சேர்ந்து போட்ட கோலம் அது.

இனி கொஞ்சம் பொறுமை வேண்டும். கம்பியை எடுத்துவிட்டு, லேசர் முன் ஒரு தாளைச் சுழற்றுங்கள். பெரும்பாலான பாயின்டர்களில் ஒரு கோணத்தில் புள்ளி மங்கிவிடும். அங்கிருந்து 45 பாகை ஒருபக்கம் சாய்த்து ஒரு துண்டு, மறுபக்கம் சாய்த்து இன்னொரு துண்டு வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கருக்க வேண்டும். கருக்காவிட்டால் மறுபடி வெட்டுங்கள். இரண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டி, அந்த இணைப்பின்மேல் கம்பியை நிறுத்துங்கள். இப்போது பட்டைகள் போய், வெறும் மங்கலான கோடுதான் மிஞ்சும். எந்தப் பக்கம் வந்தோம் என்ற அடையாளம் ஒளியிலேயே ஏறிவிட்டது.

அப்புறம் மூன்றாவது தாளைச் சுவருக்கு முன், இரண்டுக்கும் நடுக்கோணத்தில் பிடியுங்கள். அந்த அடையாளம் அழிந்து, பட்டைகள் திரும்பி வரும். அதை 90 பாகை திருப்பினால் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறும். இரண்டு கோலத்தையும் கூட்டினால் பட்டையே இல்லாத அந்த மங்கல் கோடு!

சரி, இது குவாண்டமா? இல்லை, பாவனைதான். 1 மில்லிவாட் சிவப்பொளியில் நொடிக்கு 30 கோடி கோடிக்கும் மேல் ஃபோட்டான்கள். ஒளியை வெறும் அலையாகப் பார்க்கும் மேக்ஸ்வெல்லின் பழைய கணக்கே இங்கே எல்லாவற்றையும் விளக்கிவிடும். லேசரால் காட்டவே முடியாதது ஃபோட்டான்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வருவது. அதைக் காட்ட இயற்பியலாளர்கள் கிம்பிள், டேகனாய்ஸ், மேண்டல் மூவரும் 1977-இல் சோடியம் அணுக்களிடம்தான் போகவேண்டியிருந்தது.