மலையிலிருந்து பிரஸ்ஸுக்கு: லேபிள் ஃபைலை எந்த ஃபார்மட்டில் அனுப்புவது?

குன்னூர் டீத்தூள் பாக்கெட்டோ, ஊட்டி சாக்லேட் பெட்டியோ, கொடைக்கானல் யூகலிப்டஸ் தைல லேபிளோ, வேலை மலையில் நடந்தாலும் பலருக்கு அச்சு கோவையிலோ சிவகாசியிலோதான். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று "அண்ணே, அந்த நீலத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல வழியில்லை. நமக்காகப் பேச வேண்டியது ஃபைல்தான்.

ஒரு தவறு எல்லோருக்கும் பொது. வாட்ஸ்அப்பில் ஜேபெக்காக வந்த லோகோவை டிஃப் (படத்தைத் தரம் குறையாமல் சேமிக்கும் ஃபார்மட்) ஆக மாற்றிவிட்டு, "இப்ப பிரிண்ட் குவாலிட்டி ஆயிடுச்சு" என்று நம்புவது. படத்தைச் சுருக்கும்போது ஜேபெக் போட்ட கறை டிஃப்புக்குள் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். தோடர் எம்பிராய்டரி சால்வையின் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் முடியும் இடத்தில் சிவப்பு கசிந்து, ஓரம் மங்கலாகத் தெரியும். நிற விவரத்தைக் குறைத்துத்தான் ஜேபெக் பொதுவாக ஃபைலைச் சிறிதாக்குகிறது. மாற்றி மாற்றிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். அதனால் கேமரா ஃபைலை முதலிலேயே பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் ஃபைல்) அல்லது எல்இசட்டபிள்யூ (தரம் இழக்காத சுருக்கம்) டிஃப்பாகச் சேமித்து, அதில் வேலை செய்யுங்கள். போட்டோ கேட்டு வாங்கும்போது "டாகுமென்ட்டா அனுப்புங்க" என்று சொல்லுங்கள்.

அளவு போதுமா என்று பார்க்க ஃபோட்டோஷாப்பின் இமேஜ் சைஸில் 'ரீசாம்பிள்' டிக்கை எடுத்துவிட்டு ரெசல்யூஷனில் 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்று அடியுங்கள். அப்போது காட்டும் சென்டிமீட்டர்தான் அந்தப் படத்தின் நிஜ அச்சளவு. 600 பிக்சல் லோகோ 5 செ.மீ. அகலத்தில் நன்றாக வரும். அதையே 10 செ.மீ.க்கு இழுத்தால் 152 பிபிஐ, பல்பல்லாகத் தெரியும். டிக்கை எடுக்காமல் 300 போட்டால் மென்பொருள் பிக்சலை ஊகித்து நிரப்பும், விவரம் கூடாது.

லோகோவுக்குச் சரியானது, பிக்சலாக இல்லாமல் கோடும் வளைவுமாகச் சேமிக்கும் வெக்டர்: ஏஐ, இபிஎஸ், எஸ்விஜி அல்லது பிடிஎஃப். ஜேபெக்கை 'ட்ரேஸ்' செய்து மென்பொருளையே வெக்டராக்க விட்டால் எழுத்தின் வளைவுகள் நெளியும். அரை மணி நேரம் செலவழித்துத் திரும்ப வரைவதே மேல். பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு அச்சு மை) கிடையாது. எஸ்விஜியும் பொதுவாக ஆர்ஜிபிதான் (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி), உள்ளே கொண்டுவந்தபின் நிறத்தை மாற்ற வேண்டும்.

இனி நீலம். நீலகிரி என்று பெயர் வைத்த லேபிளில் அது கெட்டால் எல்லாம் கெட்டது. திரையில் அடர்நீலமாக இருப்பது சயான் 100, மெஜந்தா 100 என்று மாறினால் தாளில் ஊதாவாக வரும். மெஜந்தாவைச் சயானைவிட 30 புள்ளியாவது குறைவாக வையுங்கள். 100-க்கு 65 நல்ல தொடக்கம். குறிஞ்சிப் பூவுக்குச் சிக்கல் வேறு. அந்தப் பளிச்சென்ற நீல ஊதா நான்கு மையின் எல்லைக்கு வெளியே இருப்பதால் எப்படி மாற்றினாலும் கொஞ்சம் மங்கும். பூதான் பெட்டியின் முகம் என்றால் ஐந்தாவதாக ஒரு ஸ்பாட் மை (முன்பே கலந்த தனி நிற மை) கேளுங்கள், செலவு கூடும்.

ஆர்ஜிபியைச் சிஎம்ஒய்கேவாக மாற்றுவதற்கு 'கன்வர்ட் டு புரொஃபைல்' பயன்படுத்துங்கள் (குறிப்பிட்ட மையும் தாளும் நிறத்தை எப்படிக் காட்டும் என்ற விவரம்தான் புரொஃபைல்). 'அசைன்' வேண்டாம், அது எண்ணை அப்படியே விட்டு அர்த்தத்தை மாற்றும். எந்தப் புரொஃபைல் என்று பிரஸ்ஸில் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆர்ட் பேப்பருக்கு (பூச்சுள்ள தாள்) ஃபோக்ரா39 என்ற புரொஃபைலை வைத்துக்கொள்ளலாம். மாற்றுவது ஒரே முறை, கடைசியில், நகல் ஃபைலில். ஆர்ஜிபி மூல ஃபைல் பத்திரமாக இருக்கட்டும்.

தமிழ் எழுத்துதான் அதிகம் வதைக்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி ஃபான்ட்டில் அடித்த ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாக உதிர்ந்து கிடக்கும். புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். யூனிகோடில் வேறு விபத்து: 'கோத்தகிரி'யின் இரட்டைக்கொம்பு க-வுக்குப் பின்னால் போய் உட்காரும். அடோபி மென்பொருளின் டைப் அமைப்பில் தெற்காசிய அல்லது 'வேர்ல்ட் ரெடி' தேர்வை இயக்கினால் சரியாகும். அனுப்பும் முன் எழுத்தை அவுட்லைன் (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக்குங்கள்: இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ, கோரல்டிராவில் கன்ட்ரோல், கியூ. எழுத்து எழுத்தாகவே இருக்கும் ஒரு பிரதியைத் தனியே வையுங்கள். விலை மாறும்போது அதுதான் கை கொடுக்கும். கோரல் ஃபைலே வேண்டும் என்று பிரஸ்காரர் கேட்டால் அவரிடம் உள்ள பதிப்புக்கு இறக்கிச் சேமியுங்கள். புதிய பதிப்பில் சேமித்தது பழையதில் திறக்காது.

பார்கோடை ஜேபெக்காக ஒட்டாதீர்கள். இஎஎன்-13 (கடைப் பொருள்களின் 13 இலக்க பார்கோடு) முழு அளவு 37.29 × 25.93 மி.மீ.; 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. வெக்டராக, கருப்பு மை 100 மட்டும். ஆர்ஜிபி கருப்பை மாற்றினால் நான்கு மையும் கலந்துவிடும். முழு அளவிலேயே மெல்லிய கோடு 0.33 மி.மீ.தான், மைக்கு ஒன்றாக இருக்கும் தகடுகளில் ஒன்று துளி நகர்ந்தாலும் ஓரம் கலங்கி ஸ்கேனர் திணறும். சேர்க்கைப் பொருள் பட்டியல் போன்ற பொடி எழுத்துக்கும் இதே விதி: கருப்பு மை மட்டும்.

கடைசியில் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ, அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப் வகை. நிறம் எல்லாம் சிஎம்ஒய்கே அல்லது ஸ்பாட், ஃபான்ட் உள்ளேயே, டிரான்ஸ்பரன்சி (நிழல் போன்ற ஒளிபுகும் பகுதி) தட்டையாக்கப்பட்டிருக்கும். பிரஸ்ஸில் புதிய மென்பொருள் இருந்தால் டிரான்ஸ்பரன்சியை அப்படியே வைக்கும் எக்ஸ்-4 நல்லது. நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் படம்), வெட்டுக்குறி. இங்க்ஸ்கேப்பில் வரைபவர்கள் ஸ்க்ரைபஸுக்குள் கொண்டுவந்து சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுக்கலாம்.

அனுப்பும் முன் அக்ரோபேட் புரோவின் 'அவுட்புட் பிரிவ்யூ'வில் கருப்புத் தகட்டை மட்டும் அணையுங்கள். கருப்பு எழுத்தும் பார்கோடும் மறைந்தால் சரி. மங்கலாக நிழல் நின்றால் அவை நாலு கலரில் இருக்கின்றன, திரும்பப் போய்த் திருத்துங்கள். நான்கு மையின் சதவீதமும் கூடிய மொத்த மை ஆர்ட் பேப்பரில் 300 சதவீதத்தைத் தாண்டும் இடங்களையும் அங்கேயே பார்க்கலாம். தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

பிடிஎஃப்பை மெயிலிலோ டிரைவ் லிங்க்காகவோ அனுப்புங்கள். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு ஜேபெக் போகட்டும், அச்சு எப்படி வர வேண்டும் என்று ஒப்பிட. ஆனால் அதன் குறுக்கே பெரிதாக 'பார்வைக்கு மட்டும்' என்று எழுதிவிடுங்கள். அவசரத்தில் அதையே தகட்டில் ஏற்றிவிடுவார்கள்.