எஸ்எஸ்எச்ல கமாண்ட் அனுப்பினா 'ஜாவா காணோம்'ங்குதா? இத பாருங்க

போன வாரம் நைட்டு பதினொரு மணி, சோழிங்கநல்லூர் ஆபீஸ்ல எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்கு கமாண்ட் அனுப்பற வழி) வழியா டிப்ளாய் ஸ்கிரிப்ட் ஓட்டுறேன், 'ஜாவா: கமாண்ட் நாட் ஃபவுண்ட்'ங்குது. அதே உபுண்டு சர்வர்ல லாகின் பண்ணி அடிச்சா ஜம்முனு ஓடுது! கடைசி கேபும் போயிடுச்சு, வேளச்சேரிக்கு ஆட்டோக்காரர் கேட்ட காசுல ரெண்டு நாள் சாப்பிடலாம்.

விஷயம் இதான். லாகின் பண்ணா ஷெல், அதாவது நாம அடிக்கற கமாண்ட ஓட்டற ப்ரோகிராம், ப்ரொஃபைல்ங்கற செட்டிங் ஃபைல படிக்கும். கமாண்ட எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற 'பாத்' வேரியபிள பெரும்பாலும் அங்கதான் வைப்போம். எஸ்எஸ்எச் கூடவே கமாண்டையும் ஒட்டி அனுப்பினா அது லாகின் ஷெல்லும் இல்ல, இன்டராக்டிவும் (ஆள் உட்கார்ந்து அடிக்கறது) இல்ல, ப்ரொஃபைல் பக்கமே போகாது.

முதல்ல எஸ்எஸ்எச், சர்வர் பேர், 'என்வ்', இவ்ளோதான் அடிங்க. அங்க நிஜமா என்னென்ன வேரியபிள் இருக்குன்னு வந்துடும்.

அடுத்து பாஷ்ஆர்சி, பாஷ்ங்கற ஷெல்லோட இன்னொரு செட்டிங் ஃபைல். உபுண்டு, டெபியன்ல பாஷ் இத எஸ்எஸ்எச் கமாண்டுக்கும் படிக்கும். அப்ப எக்ஸ்போர்ட் பாத் வரிய அதுல போட்டா முடிஞ்சுதுன்னு நானும் கடைசில போய் ஒட்டினேன், ஒண்ணும் நடக்கல, மூணு தடவ ஸ்பெல்லிங் பார்த்தேன், வேற சர்வரோன்னு கூட சந்தேகம் வந்துடுச்சு. அப்புறம்தான் ஃபைலோட தலையில பார்த்தேன், 'கேஸ்'னு ஆரம்பிக்கற நாலஞ்சு வரி, இன்டராக்டிவ் இல்லேன்னா அங்கயே ரிட்டர்ன், அதாவது வாசல்லயே திருப்பி அனுப்பிடுது. உங்க எக்ஸ்போர்ட் வரி அதுக்கு மேல இருக்கணும். எக்கோ (திரைல எழுத்து காட்டற கமாண்ட்) மட்டும் அங்க போட்டுடாதீங்க, ஃபைல் காப்பி பண்ற எஸ்சிபி, ஆர்சிங்க் ரெண்டும் குழம்பிடும்.

லேப்டாப்லேருந்தே வேரியபிள அனுப்ப சென்ட்என்வ்னு எஸ்எஸ்எச் செட்டிங் இருக்கு, 2018ல வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.8லேருந்து செட்என்வும் இருக்கு. ஆனா சர்வர்ல அக்செப்ட்என்வ்ங்கற அனுமதி லிஸ்ட்ல அந்த பேர் இல்லேன்னா சத்தமில்லாம தூக்கி போட்டுடும். உபுண்டுல சும்மா லாங், எல்சி மாதிரி மொழி வேரியபிள், இன்னும் ஒண்ணு ரெண்டு, அவ்ளோதான் உள்ள விடும். ரூட் (சர்வரோட அட்மின் உரிமை) கைல இல்லேன்னா இந்த வழியே வேணாம். யூசரே வேரியபிள் வைக்க விடற பெர்மிட்யூசர்என்விரான்மென்ட்னு ஒரு சர்வர் செட்டிங் இருக்கும், அது ஆஃப்லயே இருக்கட்டும், எல்டி_ப்ரீலோட் மாதிரி வேரியபிள நுழைச்சு கட்டுப்பாட்டையே தாண்டிடலாம்.

அப்டேட்: வரிய மேல ஏத்தியும் பழைய பாத்தே வருதுன்னு ஒருத்தர் கேட்டார். 'எக்கோ டாலர் பாத்'த டபுள் கோட்ஸ்ல போட்டிருக்கார், அது கிளம்பறதுக்கு முன்னாடியே அவர் லேப்டாப்ல இருக்கற பாத் மதிப்பா மாறிடும். சிங்கிள் கோட்ஸ் போடுங்க.

இன்னொரு அப்டேட்: சுடோ (அட்மினா ஓட்டற கமாண்ட்) போட்டா மறுபடி காணோமா? உபுண்டு சுடோ அதோட சொந்த பாத் லிஸ்ட்டதான் எடுத்துக்கும். நான் மல்லுக்கட்டல, ஸ்கிரிப்ட்ல ஜாவாவோட முழு பாத்தையே எழுதிட்டேன்.