சூதாட்ட விடுதியில் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேஜையை விட்டு எப்போது எழுந்திருப்பது?

எவ்வளவு ஜெயித்தோம், எவ்வளவு தோற்றோம் என்று பார்த்து எழுந்திருக்காதீர்கள், அது சீட்டுக்கட்டுக்குத் தெரியாது. வெளிவந்த சீட்டுகளை மனதுக்குள் எண்ணிவரும் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும். ஹை-லோ முறையில் 2 முதல் 6 வரை பிளஸ் 1, பத்து, படச்சீட்டு, ஏஸ் எல்லாம் மைனஸ் 1. வரும் தொகையை மீதமுள்ள கட்டுகளால் வகுத்துப் பார்த்து, அது மைனஸ் 2-க்குக் கீழே போனால் ஆட்டம் உங்களுக்குப் பாதகம்; போன் வந்ததுபோல நகர்ந்துவிட்டு, சீட்டைக் கலைத்த பிறகு திரும்பி வாருங்கள்.

அப்புறம் களைப்பு. ஒரு சீட்டை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. (இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.)

மேற்பார்வையாளர் உங்கள் பந்தயத்தையே உற்றுப் பார்த்தால், சில்லுகளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மனக்கணக்காக எண்ணுவது குற்றமில்லை, ஆனாலும் வெளியே போகச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் 1982 தீர்ப்புக்குப் பிறகு எண்ணுகிறவர் என்பதற்காகத் துரத்த முடியாது, பதிலுக்குச் சீட்டை அடிக்கடி கலைப்பார்கள்.