மந்திரவாதி மேலங்கி: 2.75 மீட்டர் துணியில், ஹூட்டோடு

நீங்களே கற்பனையில் உருவாக்கிய சூனியக்காரி அல்லது மந்திரவாதி வேடத்துக்கு உடை தைக்கிறீர்களா? மேலங்கியில் ஆரம்பியுங்கள். தொப்பியைவிட சுலபம், உள்ளே சாதாரண குர்தா இருந்தாலும் ஆள் மாறிவிடுவார். கீழே உள்ள கணக்கு 15 இன்ச் கழுத்துக்கு. கெண்டைக்கால் வரை தொங்கும் 45 இன்ச் நீளத்துக்கு.

துணி

பெங்களூரு சிக்பேட்டைத் துணிக்கடைகளில் வெல்வெட்டைப் பார்த்ததும் கை தானாக நீளும். முதல் மேலங்கிக்கு வேண்டாம். அரைவட்டத்தை ஒரே துண்டாக வெட்டினால் ஒரு பக்கம் வெல்வெட் மயிர் மேல்நோக்கியும் மறுபக்கம் கீழ்நோக்கியும் இருக்கும். பாதி கருத்தும் பாதி வெளுத்தும் தெரியும். பேன்ட் தைக்கும் சூட்டிங் கேளுங்கள், 58 இன்ச் பன்னாவில் (அகலத்தில்). கனமாகத் தொங்கும்.

வெட்டுவது

துணியின் நீளத்தைப் பாதியாக மடித்தால் 54 இன்ச் வரும். மடிப்பும் கரையும் (துணியின் நெய்த ஓரம்) சேரும் மூலையில் இன்ச் டேப்பைப் பின் குத்தி, 4½ இன்ச்சில் ஒரு வளைவும் 51 இன்ச்சில் இன்னொன்றும் சாக்பீஸால் போடுங்கள். டேப்புக்குப் பதில் நூல் வேண்டாம், இழுபட்டு வளைவு கோணும்.

4½ எப்படி? கழுத்தோடு 1 கூட்டி 3.14ஆல் வகுத்தால் சுமார் 5. தையலுக்கு ½ கழித்தால் 4½. உங்கள் அளவுக்கும் இதே கணக்குதான்.

எதிர்மூலையில் மிஞ்சும் துணியிலேயே 13க்கு 15 இன்ச்சில் இரண்டு துண்டு வெட்டலாம். அதுதான் ஹூட், தனியாகத் துணி வாங்க வேண்டாம்.

தைப்பது

1. வெட்டியவுடன் கழுத்து ஓரத்திலிருந்து ⅜ இன்ச் உள்ளே ஒரு சுற்று நேர்த்தையல் போடுங்கள். விட்டால் கழுத்து இழுபட்டு அகலும்.

2. ஹூட் துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே வைத்து, பின்மூலையை வட்டமாக்கி, பின்புறமும் மேலேயும் ½ இன்ச்சில் தையுங்கள். முகப்பை ½ இன்ச் மடித்துத் தையுங்கள். கீழ் ஓரம் சுமார் 24 இன்ச் இருக்கும், கழுத்துத் தையல் கோடோ 15¾. பக்கத்துக்கு இரண்டு பிளீட் (மடிப்பு), ஒவ்வொன்றும் 2 இன்ச் விழுங்கும்படி பிடித்தால் பொருந்தும்.

3. ஹூட்டைக் கழுத்தில் இணைத்து ஓவர்லாக் செய்யுங்கள்.

4. இனி அவசரப்படாதீர்கள். ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். தோளுக்கு நேர் கீழே துணி சாய்ந்த இழையில் (கிராஸில்) இருப்பதால் அங்கே மட்டும் இறங்கும். பிறகு ஆளுக்குப் போட்டு, தரையிலிருந்து ஸ்கேல் வைத்து ஓரத்தைச் சமன் செய்யுங்கள். 51 இன்ச் வளைவில் (5 + 45 + 1) கூடுதலாக விட்ட 1 இன்ச் இதற்காகத்தான்.

5. அடியை ¼ இன்ச்சாக இருமுறை மடித்துத் தையுங்கள். அகலமாக மடித்தால் சுருக்கம் விழும்: வளைவின் வெளி ஓரம் உள்கோட்டைவிட நீளம்.

பார்டர்

சூட்டிங் கரையில் பெரும்பாலும் மில் பெயர் நெய்திருக்கும். அதை மறைக்க முன் ஓரத்திலும் ஹூட் முகப்பிலும் ஜரிகை பார்டர் வையுங்கள். 3¼ மீட்டர் போதும். அடிவளைவில் அது படியாது, அங்கே ஜிக்ஜாக் லேஸ்தான்.

கழுத்தில் கொக்கி மட்டும் போட்டால் முழு எடையும் பின்னால் இழுத்துத் தொண்டையை நெரிக்கும். உள்ளே போடும் உடையின் இரு தோளிலும் ஒரு பிரஸ் பட்டன் தைத்து மேலங்கியை அதில் மாட்டுங்கள். காமிக் கானுக்கு (காமிக்ஸ் ரசிகர்கள் வேடமிட்டு வரும் விழா) மெட்ரோவில் போகிறவர்கள் எஸ்கலேட்டரில் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.