கண்டத்தின் கரையும் தட்டின் விளிம்பும் ஒன்றல்ல: நிலநடுக்கம் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் நிலம் குலுங்கினால் யாரும் பெரிதாக வியப்பதில்லை. 2024 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் குலுங்கியபோது ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. அளவு 4.8தான், மையம் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் இருந்தது. ஒரே கண்டம், இரண்டு பக்கமும் கடல். அப்படியிருக்க, மேற்கில் அடிக்கடி நடப்பது கிழக்கில் ஏன் அரிதாக இருக்கிறது? இதை விளக்கும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் முதலாவதைத் திருத்திக்கொண்டாலே மற்றவை எளிதாகப் புரிந்துவிடும்.

கரையோடு தட்டும் முடிகிறது என்று நினைப்பது

பூமியின் மேல்பகுதி, மெல்ல நகரும் பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது, இவைதான் புவித்தட்டுகள். வரைபடத்தில் நிலம் முடிந்து நீலம் தொடங்கும் இடத்தைப் புவித்தட்டின் விளிம்பு என்று எடுத்துக்கொள்கிறோம். மேற்கில் இது ஓரளவு பொருந்தும். பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வேகத்தில் ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. அந்த உரசலில் பெரும்பங்கு சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் நடக்கிறது. 1906இல் சான் ஃபிரான்சிஸ்கோவை அழித்தது இந்தப் பிளவுதான்.

கிழக்கில் கதை வேறு. நியூயார்க் கரையைத் தாண்டியும் அதே வட அமெரிக்கத் தட்டு கடலுக்கு அடியில் தொடர்கிறது. அது முடிவது அட்லாண்டிக்கின் நடுவில் ஓடும் கடலடி மலைத்தொடரில்தான். அந்தத் தொடர் கடல்மட்டத்துக்கு மேல் எழுந்து தெரியும் இடம் ஐஸ்லாந்து. ஆகவே அமெரிக்காவின் கிழக்குக் கரை தட்டின் விளிம்பில் இல்லை, உட்பகுதியில் இருக்கிறது. தென் அமெரிக்காவும் இப்படித்தான். சிலியின் கரைக்கு அடியில் நாஸ்கா தட்டு சொருகிக்கொண்டே போகிறது. பதிவானவற்றிலேயே பெரிய நிலநடுக்கம் 1960இல் அங்கேதான் வந்தது, அளவு 9.5. எதிர்ப்பக்கத்தில் பிரேசில் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது.

மேற்குக் கரை முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பது

‘கலிஃபோர்னியா ஒருநாள் உடைந்து கடலில் விழும்’ என்பார்கள். விழாது. சான் ஆண்ட்ரியாஸில் தட்டுகள் பக்கவாட்டில்தான் நகர்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் மெல்ல மெல்ல சான் ஃபிரான்சிஸ்கோ இருக்கும் திசையில் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது வடக்கே இருக்கிறது. வட கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை, சுமார் 1,000 கி.மீ. நீளத்துக்கு, ஒரு சிறிய கடல் தட்டு கண்டத்துக்கு அடியில் சொருகுகிறது. தட்டு சொருகும் இந்தப் பகுதியின் பெயர் காஸ்கேடியா. சான் ஆண்ட்ரியாஸால் ஏறத்தாழ 8 வரை குலுக்க முடியும் என்றால், காஸ்கேடியாவால் 9 வரை முடியும். அளவில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு.

ஆனால் அங்கே நீண்ட காலமாகப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, அதனால் ஆபத்து இல்லை என்றே பலகாலம் நம்பினார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் கோபாலிஸ் என்ற ஆற்றின் முகத்துவாரச் சதுப்பில் பட்டுப்போன சிடார் மரங்கள் இன்றும் நிற்கின்றன. நிலம் சட்டென்று தாழ்ந்து, வேர்களுக்குக் கடல்நீர் ஏறி இறந்தவை அவை. அவற்றின் ஆண்டு வளையங்களைப் பார்த்ததில், 1699 கோடைக்குப் பிறகு, அடுத்த ஆண்டு வளர்ச்சி தொடங்கும் முன்பே இறந்தது தெரிந்தது. 1700 ஜனவரி இறுதியில் ஜப்பான் கரையைச் சுனாமி தாக்கியதாக அந்த ஊர்க் குறிப்புகள் சொல்கின்றன, ஆனால் அங்கே முன்னதாக நிலம் குலுங்கவில்லை, அதாவது அலை தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, 1700 ஜனவரி 26 இரவு காஸ்கேடியா உடைந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். மரத்தையும் பழைய ஏட்டையும் கொண்டு நாளைக்கூடச் சொன்ன இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கிழக்கில் வராது, வந்தாலும் சிறியது என்று ஒதுக்குவது

1886இல் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரம் ஏறத்தாழ 7 அளவிலான நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1755இல் பாஸ்டனில் நூற்றுக்கணக்கான புகைபோக்கிகள் இடிந்தன. கண்டங்கள் பிரிந்த காலத்திலும் அதற்கு முன்பும் உண்டான பழைய பிளவுகள் கிழக்கில் ஆழத்தில் கிடக்கின்றன. தட்டுக்குள் சேரும் அழுத்தம் எப்போதாவது அவற்றில் ஒன்றை நகர்த்திவிடுகிறது.

அளவு ஒன்றாக இருந்தால் பாதிப்பும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்பதும் தவறு. மண்பானையைத் தட்டிப் பார்த்தால், கீறல் இல்லாத பானையில்தான் ஓசை நீண்டு கேட்கும். கிழக்கின் பாறை பழையது, குளிர்ந்தது, இறுகியது, அதனால் அதிர்வலை வெகுதூரம் போகிறது. மேற்கில் சூடான, நொறுங்கிய பாறை அதைச் சீக்கிரம் தணித்துவிடுகிறது. 2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவில் வந்தது 5.8தான். ஜார்ஜியாவிலிருந்து கனடா வரை உணர்ந்தார்கள், தலைநகரில் உள்ள வாஷிங்டன் நினைவுத் தூணில் விரிசல் விழுந்து அது 2014 வரை மூடிக் கிடந்தது. கிழக்கு நகரங்களில் கம்பி இல்லாமல் வெறும் செங்கல்லால் கட்டிய பழைய கட்டடங்கள் ஏராளம், அதுதான் அங்கே எனக்குப் பெரிய கவலை.

குலுங்கும்போது செய்யும் தவறு

வெளியே ஓடக் கூடாது. மேலிருந்து செங்கல் விழுவது வாசலருகில்தான். உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, தலையைக் காத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், மேற்கே ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் கடற்கரையில் இருப்பவர்கள் குலுக்கல் நின்றபின் அபாயச் சங்கு ஒலிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காஸ்கேடியா கரையில் முதல் அலைக்கு 15 முதல் 30 நிமிடம்தான் இருக்கும். நீண்ட நேரம் குலுங்கினால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, காரைத் தேடாமல் நடந்தே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடவும் கூடாது, அடுத்தடுத்த அலைகள் பல மணி நேரம் வரலாம்.