பூத் ஏஜெண்டாக உட்காரப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கும்போது புதிதாக பூத் ஏஜெண்ட் (வாக்குச்சாவடிக்குள் வேட்பாளர் சார்பில் உட்காருகிறவர்) ஆகும் தம்பிகளை உட்கார வைத்து விளக்குவது என் வேலை. தலையை ஆட்டிக் கேட்பார்கள். வாக்குப்பதிவு நாளில் போய்ப் பார்த்தால், நாங்கள் அந்த வயதில் அடித்த அதே கூத்து நடக்கும். கட்சிக்கரை வேட்டி கட்டி வராதே, ஏஜெண்டாக நியமிக்கும் படிவம் 10-ஐ மறந்துவிடாதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாக்காளரோடு நேராக மல்லுக்கு நிற்பது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாக்குச்சாவடி. ஒரு பாட்டி உள்ளே வந்தார். அட்டையில் இருந்த படம் மிகப் பழையது. பட்டியலில் பேச்சியம்மாள், அட்டையில் பேச்சியம்மா. புது ஏஜெண்ட் ஒருவன் துள்ளி எழுந்து, "இது அந்த அம்மா இல்ல, கள்ள ஓட்டு" என்று கத்தினான். எதிர்க்கட்சி ஏஜெண்ட் பதிலுக்குக் கத்தினார். போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "எனக்கு ஓட்டே வேணாம் சாமி" என்று பாட்டி படியிறங்கிவிட்டார். வரிசையில் நின்ற அவர் தெருப் பெண்கள் சிலரும் கூடவே கிளம்பிவிட்டார்கள். அந்தத் தெருவே அந்தத் தம்பியின் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற தெரு என்பது தனிக்கதை.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? வாக்காளரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபணை சொல்ல வேண்டும். சேலஞ்ச் ஓட்டு என்கிறோமே, அதுதான். பணம் கட்டாமல் அவர் அதை எடுத்துக்கொள்ளவே கூடாது. கட்டிய பிறகு, ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்று வாக்காளரிடம் சொல்லி, பட்டியலில் உள்ள விவரத்தைப் படித்து 'நீங்கள்தானா' என்று அவர் கேட்பார். படிவம் 14-இல் எழுதிக் கையெழுத்து வாங்கி, அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலில் உங்களுடையது. நிரூபணம் ஆகவில்லை என்றால் அந்த வாக்காளர் ஓட்டுப் போடலாம். வேண்டுமென்றே கிளப்பியது என்று தெரிந்தால் உங்கள் இரண்டு ரூபாய் போய்விடும். ஆள் யார் என்பது தெளிவாக இருந்தால் எழுத்துப்பிழையைப் பெரிதாக எடுக்கக்கூடாது என்பதும் தேர்தல் ஆணையத்தின் அறிவுரைதான்.

முகம் தெரிந்தவன் என்பதற்காகத்தான் உள்ளூர்க்காரனை ஏஜெண்டாகப் போடுகிறோம். பயத்துக்கும் அந்த முகமே காரணமாகிவிடுகிறது. காலனியிலிருந்து வருகிறவரைப் பார்த்து, ஊர்த்தெரு ஆள் ஒருவர் உள்ளே உட்கார்ந்தபடி "நீ யாரு மகன்?" என்று கேட்டாலே போதும், அவருடைய பிள்ளைகள்கூட அடுத்த தேர்தலுக்கு வரமாட்டார்கள். மிரட்டல் என்றால் அரிவாளோடு வருவது என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வாக்காளரின் விருப்பத்தில் தலையிடுவதே பாரதிய நியாய சன்ஹிதா 171-இன்படி குற்றம். சாவடிக்குள் ஒழுங்காக நடந்துகொள்ளாத யாரையும் தலைமை அலுவலர் வெளியேற்றலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 132 அதற்குத்தான். நீங்கள் வெளியே போனால், மாற்று ஏஜெண்ட் வந்து சேரும்வரை நாற்காலி காலி.

சீட்டு அனுப்புவது

யார் வந்தார், யார் வரவில்லை என்று வரிசை எண்ணைக் குறித்து வெளியே கட்சிக்காரர்களுக்கு அனுப்புவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அனுமதியில்லாத வேலை. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் "காசு வாங்கினியே, ஏன் இன்னும் வரல?" என்று வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள்.

தாமதமாக வருவது

மாதிரி வாக்குப்பதிவு, ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பே ஆரம்பம். குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்ப்பார்கள். உங்களுக்காகக் கொஞ்ச நேரம்தான் காத்திருப்பார்கள். எண்ணிப் பார்த்த பிறகு இயந்திரத்தில் அந்த ஓட்டுகளை அழித்தார்களா, விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளை வெளியே எடுத்தார்களா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

"உங்க ஓட்டு போயாச்சு, கிளம்புங்க" என்பது

ஒரு வாக்காளர் வருவதற்குள் அவர் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால், அவருக்குத் தேர்தல் நடத்தும் விதிகளில் 49பி (49P)-இன்படி டெண்டர் ஓட்டு உண்டு. இயந்திரத்தில் அல்ல, வாக்குச்சீட்டில். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் தலைமை அலுவலரிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

போன்

வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.

வாயால் புகார் சொல்வது

100 மீட்டருக்குள் ஆட்கள் நின்று வாக்காளர்களை மறிக்கிறார்கள் என்றால், நேரம் போட்டு எழுதித் தலைமை அலுவலரிடம் கொடுங்கள். மண்டல அலுவலர் வரும்போது அவரிடமும் ஒரு நகல். மறுவாக்குப்பதிவு வேண்டுமா என்று ஆணையம் பார்க்கும்போது கையில் எடுப்பது அதிகாரிகளின் அறிக்கைகளைத்தான். டீக்கடையில் நீங்கள் சொன்னது அதில் இருக்காது. வெளியே இருக்கும் ஆளை விட்டு, தேர்தல் ஆணையத்தின் புகார் வசதியான சி-விஜிலிலும் படம் ஏற்றச் சொல்லலாம்.

17சி வாங்காமல் வீட்டுக்குப் போவது

அசதியில் ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். படிவம் 17சி என்பது பதிவான ஓட்டுக் கணக்கு. அதன் நகலை, அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் தலைமை அலுவலர் கொடுத்தே ஆக வேண்டும். எண்ணிக்கை நாளில் இயந்திரம் காட்டும் மொத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கட்சியிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான். வாங்கி, அன்று இரவே வேட்பாளரின் தலைமை ஏஜெண்டிடம் கொடுத்துவிடுங்கள்.